பட்டன் இருக்கு, காத்து இருக்கா?

ஆலத்தியூர் சிமெண்ட் ஆலைப் பக்கம் லோடுக்குக் காத்து நிற்கும் லாரி வரிசையில் விடியற்காலையில் ஒரு சத்தம் கேட்கும். ஓட்டுநர் கையில் ஒரு இரும்புத் தடி இருக்கும். வண்டியைச் சுற்றி நடந்தபடியே ஒவ்வொரு டயராகத் தட்டிக்கொண்டு போவார். டங், டங், டங். பின்சக்கரத்தில் இரண்டு டயர்கள் ஜோடியாக நிற்கும் இடத்தில், உள்ளே ஒளிந்திருக்கும் டயரையும் தடியை நீட்டித் தட்டுவார். அங்கே ‘டொப்’ என்று மந்தமாகக் கேட்டால் நின்றுவிடுவார். உள் டயரில் காற்று இறங்கியிருக்கிறது. கண்ணால் பார்த்தால் தெரியாது, ஏனென்றால் பக்கத்து டயர் அதன் பாரத்தையும் சேர்த்துத் தாங்கிக்கொண்டு நிற்கிறது. காதுதான் கண்டுபிடிக்கிறது.

ராம்கோவின் ஆலத்தியூர் ஆலை 1997-இல் உற்பத்தியைத் தொடங்கியது. அரியலூர் மாவட்டத்தில் அதைப்போல இன்னும் பல சிமெண்ட் ஆலைகள் உண்டு. சுண்ணாம்புக் கல்லும் சிமெண்டும் ஏற்றிய லாரிகள் ஓடும் சாலைகளிலேயேதான் செந்துறை, அரியலூர், திட்டக்குடி பக்கத்துக் கார்களும் ஓடுகின்றன. லாரிக்காரர் தினமும் செய்வதைக் கார் வைத்திருப்பவர் வருடத்தில் ஒருநாள்கூடச் செய்வதில்லை. கேட்டால் டயரை ஒரு உதை உதைத்துவிட்டுச் சொல்வார்: “பட்டன் நல்லாத்தானே இருக்கு!”

பட்டன் என்று பட்டறைகளில் சொல்லப்படுவது டயரின் மேல்தோலில் வெட்டப்பட்ட கட்டைகளையும் அவற்றுக்கு நடுவே ஓடும் பள்ளங்களையும்தான். அது தேய்ந்து மழுங்கினால் ஆபத்து என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது வேறொன்று. பட்டன் முழுசாக இருக்கும் புது டயரும் மே மாத மதியத்தில் வெடிக்கும். சொல்லப்போனால், தடித்த ரப்பர் அதிகமாக நெளிவதால் புது டயரில்தான் சூடு சற்றுக் கூடுதலாகப் பிறக்கிறது. பட்டனின் வேலை தண்ணீரை வெளியேற்றுவது. சூட்டைக் கட்டுக்குள் வைப்பது காற்றின் வேலை. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் பல விபத்துகள் தொடங்குகின்றன.

சூடு எங்கிருந்து வருகிறது?

வீடு கட்டும் இடத்தில் கம்பி கட்டுபவரைப் பார்த்தால் புரியும். கட்டுக்கம்பியை அறுக்கக் கத்தரி கிடைக்காதபோது, அதே இடத்தில் முன்னும் பின்னுமாகப் பத்துப் பன்னிரண்டு தடவை வளைப்பார். கம்பி ஒடியும். ஒடிந்த முனையைத் தொட்டால் சுடும். நெருப்புக் காட்டாமலேயே வந்த சூடு அது. மடங்கி மடங்கி நிமிர்ந்ததால் உள்ளுக்குள் பிறந்தது.

டயருக்கும் இதே கதை. கார் நிற்கும்போது டயரின் அடிப்பகுதி தரையில் உள்ளங்கை அகலத்துக்குச் சப்பையாக உட்கார்ந்திருக்கும். சக்கரம் உருளும்போது அந்தச் சப்பை டயரைச் சுற்றி நகர்ந்துகொண்டே இருக்கும். பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தடவை மடங்கி ஒரு தடவை நிமிர்கிறது. 185/65 ஆர்15 அளவு டயரின் சுற்றளவு ஏறக்குறைய 1.95 மீட்டர். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அது விநாடிக்கு 14 தடவை சுழல்கிறது. கண் இமைத்துத் திறப்பதற்குள் பக்கச்சுவர் பலமுறை மடங்கி நிமிர்ந்துவிடும். பெரம்பலூரிலிருந்து சென்னை போய்ச் சேர்வதற்குள் இது ஒரு லட்சம் தடவைக்கு மேல் நடக்கிறது.

ரப்பருக்கு ஒரு குணம். வளைக்கும்போது வாங்கிய சக்தியை நிமிரும்போது அது முழுதாகத் திருப்பித் தருவதில்லை. கொஞ்சத்தை வைத்துக்கொண்டு சூடாக மாற்றிவிடுகிறது. காற்று சரியாக இருந்தால் மடிப்பு சின்னது, சூடும் சின்னது. உருளும் வேகத்தில் வீசும் காற்றே அதை ஆற்றிவிடும். காற்று குறைந்தால் பக்கச்சுவர் ஆழமாக மடங்கும். பிறக்கும் சூடு ஆறும் சூட்டை மிஞ்சும். கீழே தார் ரோடு வேறு கொதிக்கிறது. கத்திரி வெயில் நாளில், நிழலில் 40 டிகிரி காட்டும் மதியத்தில், கறுத்த தார்ப்பரப்பு 60 டிகிரியைத் தாண்டும். அதன்மேல் செருப்பில்லாமல் நடக்க முடியாது. டயர் அதன்மேல்தான் மணிக்கணக்கில் உருள்கிறது.

டயருக்குள் வெறும் ரப்பர் மட்டும் இல்லை. நூல் அடுக்குகளும், அவற்றின்மேல் மெல்லிய எஃகுக் கம்பிகளால் பின்னிய இரண்டு பட்டைகளும் உண்டு. இவற்றை ஒட்டவைத்திருப்பது ரப்பர். நாள்கணக்கில் சூடு ஏறினால் அந்த ஒட்டு விளிம்பிலிருந்து விடத் தொடங்கும். முதலில் ஒரு விரிசல், பிறகு ஒரு புடைப்பு, பிறகு ஒருநாள் மேல்தோல் அப்படியே உரிந்து பறக்கும். வெடிப்பது ஒரு நொடிக் காரியம். அதற்கான சேதம் பல நாள் முன்பே தொடங்கிவிடுகிறது. போன மாதம் காற்றில்லாமல் 50 கிலோமீட்டர் ஓட்டியதன் பலன் இந்த மாதம் நல்ல காற்றோடு ஓடும்போது வரலாம்.

2000-இல் அமெரிக்காவில் நடந்தது

இதற்கு உலகம் கண்ட பெரிய சாட்சி ஃபயர்ஸ்டோன் வழக்கு. ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் என்ற உயரமான காரில் பொருத்தப்பட்ட ஃபயர்ஸ்டோன் டயர்களின் மேல்தோல், ஓடிக்கொண்டிருக்கும்போதே உரிந்தது. வண்டிகள் உருண்டன. 2000 ஆகஸ்ட் 9 அன்று 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெறுவதாக அந்நிறுவனம் அறிவித்தது. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் தொகுத்த கணக்கில் இந்த டயர்களோடு தொடர்புடைய சாவுகள் 271.

அந்த விபத்துகள் நாடு முழுக்க ஒரே மாதிரி விழவில்லை என்பதுதான் நம்மூர் ஓட்டுநர் கவனிக்க வேண்டியது. டெக்சாஸ், அரிசோனா, ஃப்ளோரிடா, கலிஃபோர்னியா என்று வெயில் கொளுத்தும் மாநிலங்களில் குவிந்தன. அந்தக் காருக்கு ஃபோர்டு பரிந்துரைத்த காற்றழுத்தம் 26 பி.எஸ்.ஐ. அதிலிருந்து இரண்டு மூன்று குறைந்தாலே டயர் தளர்ந்துவிடும். முழுக் குடும்பமும் சாமான்களும் ஏறிக்கொண்டால் இன்னும் மோசம். காற்றை நீங்கள் குறைத்துச் சொன்னீர்கள் என்று டயர் நிறுவனமும், டயரே மோசம் என்று கார் நிறுவனமும் மாறிமாறிக் குற்றம் சாட்டின. ஏறக்குறைய நூறாண்டு உறவு 2001-இல் முறிந்தது. பிறகு வந்த அரசு ஆய்வு, இரண்டு எஃகுப் பட்டைகளின் விளிம்புகளுக்கு நடுவே இருக்க வேண்டிய ரப்பர் போதுமான பலத்தோடு இல்லை, அங்கேதான் விரிசல் தொடங்கியது என்று கண்டது. டயரின் குறையும், குறைந்த காற்றும், வெயிலும், பாரமும், வேகமும் ஒரே இடத்தில் சந்தித்த கதை அது. இவற்றில் எதை ஓட்டுநரால் மாற்ற முடியும் என்று பார்த்தால் காற்று, பாரம், வேகம் மூன்றும் அவர் கையில்தான் இருக்கின்றன.

இன்னொரு விவரமும் உண்டு. அந்த டயர்களின் பக்கச்சுவரில் வெப்பத் தரம் ‘சி’ என்று அச்சிடப்பட்டிருந்தது. அமெரிக்க முறைப்படி டயருக்கு மூன்று குறியீடுகள் இடுவார்கள்: தேய்மானம், ஈரச் சாலைப் பிடிப்பு, வெப்பம். வெப்பத்துக்கு ஏ, பி, சி என மூன்றே தரம். சி என்பது சட்டம் அனுமதிக்கும் கடைசிப் படி. உருளையில் ஓட்டிச் சோதிக்கும்போது சி தர டயர் ஏறக்குறைய மணிக்கு 137 கிலோமீட்டர் வரையும், பி தர டயர் 160-லிருந்து 185 வரையும், ஏ தர டயர் 185-க்கு மேலும் தாங்க வேண்டும். இந்தியாவில் விற்கும் பல கார் டயர்களிலும், சட்டம் கேட்காவிட்டாலும், ‘டெம்பரேச்சர் ஏ’ அல்லது ‘டெம்பரேச்சர் பி’ என்ற சின்ன எழுத்து பக்கச்சுவரில் இருக்கும். அரியலூர், பெரம்பலூர் வெயிலுக்கு வாங்குபவர் ஏ இருப்பதைக் கேட்டு வாங்குவது நல்லது. ஆனால் அந்தச் சோதனை சரியான காற்றோடும் அளவான பாரத்தோடும் நடந்தது. காற்றில்லாத ஏ தர டயர் எந்த உத்தரவாதமும் தராது.

பக்கச்சுவரைப் படிப்பது

டயர் கடையில் பேரம் பேசுமுன் ஐந்து நிமிடம் பக்கச்சுவரைப் படிக்கலாம். 185/65 ஆர்15 88எச் என்று இருந்தால், அகலம் 185 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம், ஆர் என்றால் ரேடியல், 15 என்பது ரிம்மின் விட்டம் அங்குலத்தில். 88 என்பது எடையைக் குறிக்கும் எண். கிலோ அல்ல. அட்டவணையில் 88-க்கு நேரே 560 கிலோ இருக்கும். அதாவது அந்த ஒரு டயர் தாங்கக்கூடியது அவ்வளவுதான். எச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர். டி என்றால் 190. எஸ் என்றால் 180. பழைய டயரைக் கழற்றி மாற்றும்போது எடை எண்ணும் வேக எழுத்தும் காரோடு வந்ததைவிடக் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். விலை குறைவு என்று கடைக்காரர் காட்டும் டயரில் பெரும்பாலும் இங்கேதான் சறுக்கல் இருக்கும். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்க வேண்டும்.

அடுத்து ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள். 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. இந்தப் பகுதிக்கு இது மிக முக்கியம். சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ வேலை பார்ப்பவர் வாங்கி நிறுத்திய கார், அவர் விடுமுறைக்கு வரும்வரை ஷெட்டில் நிற்கும். எட்டு வருடத்தில் 20,000 கிலோமீட்டர்கூட ஓடியிருக்காது. பட்டன் புதுசுபோல இருக்கும். ஆனால் ரப்பர் ஓடாமலேயே முதுமையடையும். பிராணவாயு அதைக் கடினமாக்கும். பக்கச்சுவரில் வறண்ட ஏரிபோல நுண்ணிய வெடிப்புகள் ஓடும். வந்த மறுநாளே குடும்பத்தை ஏற்றிக்கொண்டு வேளாங்கண்ணிக்கோ திருச்செந்தூருக்கோ கிளம்பினால், அந்த டயர்தான் முதலில் கைவிடும். ஆறு வருடம் தாண்டிய டயரை ஆண்டுதோறும் காட்டிப் பார்க்க வேண்டும். பத்து வருடம் ஆனால் பட்டனைப் பார்க்காமலே தூக்கிப் போடச் சொல்கிறார்கள் டயர் தயாரிப்பாளர்கள் பலர்.

டயரைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ள இந்த வட்டாரத்துக்காரர் தூரம் போக வேண்டியதில்லை. பெரம்பலூருக்குத் தெற்கே நாரணமங்கலத்தில் எம்.ஆர்.எஃப். ஆலை இருக்கிறது. அந்த நிறுவனம் 1946-இல் திருவொற்றியூரில் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை தொடங்கிய பலூன் கொட்டகையிலிருந்து வளர்ந்தது. 1952-இல் அது கையில் எடுத்தது டயர் அல்ல, ட்ரெட் ரப்பர். தேய்ந்த டயருக்கு மேல்தோல் போடும் ரப்பர். நாம் பேசிக்கொண்டிருக்கும் அதே பட்டன்தான் அவர்களின் முதல் பெரிய சரக்கு.

பட்டன் எவ்வளவு இருக்க வேண்டும்?

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 94-ஆவது விதி இருசக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்கு 0.8 மில்லிமீட்டரும் மற்ற வண்டிகளுக்கு 1.6 மில்லிமீட்டரும் பள்ளம் இருக்க வேண்டும் என்கிறது. புது கார் டயரில் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் இருக்கும். 1.6 என்பது ஒரு நாணயத்தின் தடிமன் அளவுதான். அளக்கக் கருவி இல்லாதவருக்கும் டயரிலேயே குறி இருக்கிறது. பக்கச்சுவரின் மேல் விளிம்பில் ‘டி.டபிள்யூ.ஐ.’ என்றோ சிறு முக்கோணமாகவோ ஒரு குறி தெரியும். அதன் நேரே பள்ளத்துக்குள் விரலை விட்டால் சின்ன மேடு தட்டுப்படும். கட்டைகள் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் சட்டப்படி டயரின் ஆயுள் முடிந்தது.

சட்டம் 1.6 சொல்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு அது போதாது. 3 மில்லிமீட்டருக்குக் கீழே போனதுமே ஈரச் சாலையில் பிரேக் தூரம் கூடத் தொடங்கும். டயருக்கும் தார்ச்சாலைக்கும் நடுவே தண்ணீர் ஆப்புபோல நுழைந்து, கார் படகுபோல மிதக்கும். ஸ்டியரிங் திடீரென்று லேசாகிவிடும். 1960-களில் விமான டயர்களைச் சோதித்த நாசா ஆய்வாளர்கள் கண்ட கணக்கு ஒன்று உண்டு. தேங்கிய நீரில் மழுங்கிய டயர் எந்த வேகத்தில் மிதக்கும் என்பதை அதன் காற்றழுத்தமே தீர்மானிக்கிறது. அந்தக் கணக்குப்படி 33 பி.எஸ்.ஐ. இருந்தால் மிதப்பு ஏறக்குறைய மணிக்கு 96 கிலோமீட்டரில் தொடங்கும். 22 தான் இருக்கிறது என்றால் 78-லேயே தொடங்கிவிடும். காற்றைக் கவனிக்காதவர் வெயிலிலும் மாட்டுகிறார், மழையிலும் மாட்டுகிறார்.

பட்டன் எப்படித் தேய்ந்திருக்கிறது என்பதும் ஒரு ஜாதகம். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு மேடாக இருந்தால் பல மாதமாகக் காற்று குறைவு. நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். ஒரே ஓரம் தேய்ந்தால் அலைன்மெண்ட் போயிருக்கிறது. இந்தச் சாலைகளில் லாரியிலிருந்து சிதறும் சுண்ணாம்புக் கல் சில்லுகள் பள்ளத்துக்குள் மாட்டிக்கொண்டு கூர்முனையால் உள்ளே துளைத்துக்கொண்டே போகும். வாரம் ஒருதரம் ஒரு ஸ்க்ரூ டிரைவரால் அவற்றை நெம்பி எடுத்துவிட வேண்டும். பக்கச்சுவரில் வெட்டோ புடைப்போ கண்டால் அதற்கு வைத்தியம் கிடையாது. பஞ்சர் ஒட்டுவது மேல்தோலில் மட்டும்தான். பக்கச்சுவரில் ஒட்டுப் போட்டுத் தருகிறேன் என்பவரிடம் வண்டியைக் கொடுக்கக் கூடாது.

பழைய டயர் விற்கும் சில இடங்களில் மழுங்கிய கார் டயரைச் சூடான கத்தியால் வெட்டிப் புதுப் பள்ளம் போட்டு, கறுப்புப் பூச்சு தடவி வைத்திருப்பார்கள். பள்ளம் ஆழமாக இருக்கும், அதன் அடியில் எஃகுப் பட்டைக்கும் சாலைக்கும் நடுவே ரப்பரே இருக்காது. பள்ளத்துக்குள் டி.டபிள்யூ.ஐ. மேடு இருக்கிறதா என்று விரலால் தேடினால் குட்டு வெளிப்படும். வெட்டிய பள்ளத்தில் அந்த மேடு அறுந்து போயிருக்கும்.

சூட்டில் காற்றை இறக்கக் கூடாது

நெடுஞ்சாலை ஓரத்துப் பஞ்சர் கடைகளில் மே மாதம் தினமும் கேட்கும் பேச்சு இது.

“அண்ணே, டயர் கொதிக்குது. நாற்பதுகிட்ட காட்டுது. கொஞ்சம் எறக்கி விட்டுடுங்க.”

“எத்தனை பாயிண்ட் வைக்கட்டும் தம்பி?”

“முப்பத்திமூணு வைங்கண்ணே, கம்பெனி சொன்னது அதுதான்.”

இருவருமே நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் கணக்கு வேறு. காலை 25 டிகிரியில் 33 பி.எஸ்.ஐ. வைத்த டயர், ஓடி 65 டிகிரி ஆனால் தானாகவே 39-க்கு ஏறும். அடைபட்ட காற்று சூடானால் அழுத்தம் கூடும் என்ற பள்ளிக்கூட விதிதான். அந்த ஏற்றத்தையும் கணக்கில் வைத்தே டயர் செய்யப்படுகிறது. சூட்டில் 39-ஐ 33-ஆக இறக்கிவிட்டால், மறுநாள் காலை குளிர்ந்த டயரில் 27 தான் மிஞ்சும். அன்றைய பயணம் முழுக்கக் காற்று குறைந்த பயணம். டயர் இன்னும் கொதிக்கும். அதைப் பார்த்து இன்னும் இறக்குவார்கள்.

எனவே அளக்க வேண்டிய நேரம் விடியற்காலை, வண்டி எடுக்குமுன். மூன்று மணி நேரமாவது நின்ற டயரில். எவ்வளவு வைப்பது என்பது ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அட்டையில் இருக்கிறது. டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டிருப்பது அந்த டயருக்கு அனுமதித்த அதிகபட்சம். அது வைக்க வேண்டிய அளவல்ல. அட்டையில் பெரும்பாலும் இரண்டு வரிசை இருக்கும், இரண்டு பேர் போனால் ஒன்று, நிறையப் பேரும் சாமானும் என்றால் இன்னொன்று. கல்யாணத்துக்குக் கிளம்பும் காரில் ஐந்து பேர் இடத்தில் ஏழு பேர், மடியில் குழந்தைகள், டிக்கியில் சீர்வரிசைப் பாத்திரங்கள். இரண்டாம் வரிசைக் காற்று வைத்தாலும் அந்தக் கூடுதல் பாரத்தை டயர் மன்னிக்காது.

ரேடியல் டயர் இயல்பாகவே கொஞ்சம் தொந்தி தள்ளி நிற்கும். 33-க்கும் 25-க்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணாலோ காலால் உதைத்தோ கண்டுபிடிக்க முடியாது. ஓட்டை எதுவும் இல்லாமலேயே மாதம் ஒன்றிரண்டு பி.எஸ்.ஐ. கசியும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கேஜ் ஒன்று வாங்கி டேஷ்போர்டில் போட்டு வைப்பதே வழி. காற்றழுத்த எச்சரிக்கை விளக்கு உள்ள கார்களிலும் இது தேவை. ஃபயர்ஸ்டோன் விபத்துகளுக்குப் பிறகு அமெரிக்கா கட்டாயமாக்கிய அந்த விளக்கு, காற்று கால்பங்கு குறைந்த பிறகு எரிந்தாலே சட்டத்துக்குப் போதும். அப்படி அமைத்த காரில் 33 வைக்க வேண்டிய டயர் 25-க்கு இறங்கும்வரை விளக்கு எரியாது. நைட்ரஜன் அடித்தால் சூடே ஆகாது என்பதும் மிகை. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். கசிவு சற்றுக் குறையலாம், அவ்வளவே. நைட்ரஜன் கடை வரும்வரை காற்றில்லாமல் ஓட்டுபவரைவிட, கண்ட பெட்ரோல் பங்கில் சாதாரணக் காற்று பிடிப்பவர் பாதுகாப்பானவர்.

நீண்ட பயணத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் நிறுத்தும்போது புறங்கையை நான்கு டயருக்கும் அருகே கொண்டுபோய்ப் பார்க்கலாம். எல்லாம் ஒரே சூட்டில் இருந்தால் சரி. மூன்று வெதுவெதுப்பாக இருந்து ஒன்று மட்டும் சுட்டால், அதில் காற்று இறங்குகிறது அல்லது பிரேக் பிடித்தபடி இருக்கிறது. தண்ணீர் ஊற்றி ஆற்றக் கூடாது. நிழலில் நிறுத்தி, தானாக ஆறவிட்டு, காரணத்தைத் தேட வேண்டும்.

இவ்வளவும் செய்தும் டயர் வெடித்தால், கால் தானாகப் பிரேக்குக்குத்தான் போகும். அதைத் தடுப்பதே முதல் வேலை. வெடித்த பக்கம் வண்டி இழுக்கும். பிரேக்கை அழுத்தினால் அந்த இழுப்பு பல மடங்காகி வண்டி சுழலும். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து, வண்டியை நேராக வைத்து, ஆக்சிலேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுக்க வேண்டும். வேகம் 40-க்குக் கீழே வந்த பிறகு இடதுபுறம் ஒதுங்கி, எச்சரிக்கை விளக்கைப் போட்டு, எல்லோரையும் தடுப்புக் கம்பிக்கு அப்பால் இறக்கிவிட்ட பிறகுதான் ஜாக்கியைத் தேட வேண்டும்.

அப்போது டிக்கியிலிருந்து வெளியே வரும் ஸ்டெப்னி பெரும்பாலும் காற்றில்லாமல்தான் இருக்கும். சாமான்களுக்கு அடியில் கிடப்பதால் காலை அளவில் அதை யாரும் சேர்ப்பதில்லை. ஒல்லியான தற்காலிக ஸ்டெப்னி என்றால் மற்ற டயர்களின் 33 அதற்குப் போதாது. 60 பி.எஸ்.ஐ. என்று அதன்மேலேயே எழுதியிருக்கும், 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்ற மஞ்சள் ஸ்டிக்கரோடு. கேஜை எடுக்கும் காலையில் நான்கோடு நிறுத்தாமல் ஐந்தாவதையும் அளந்துவிட்டுத்தான் டிக்கியில் பெட்டிகளை அடுக்க வேண்டும்.